உவர் வயலும் பசளை மூடையும்

விழா மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டும் என மலர்க்குழுவினர் கேட்டபோது, தமிழாசிரியன் என்ற முறையில் எம்மிடம் அவர்கள் எதிர்பார்த்தது சங்கப் புலவர் கண்ட இயற்கையைப்பற்றியோ கோணேசர் கோயிலின் தொன்மையைப்பற்றியோ ஒரு கட்டுரை என்பதை யாம் அறிவோம். அவற்றை எம்மினும் வல்லார் பலர் எழுதுவர். யாம் எடுத்துக்கொண்டது மண். அதிலும், கொட்டியாரக் குடாவையும் தம்பலகாமக் குடாவையும் சூழ்ந்து கிடக்கும் உவர் வயல்களும், அவற்றில் நாம் போகந்தோறும் கொட்டிப் போகந்தோறும் இழக்கும் பசளையும்.

பயிற்றப்பட்ட தமிழாசிரியன் கமத்தொழில் விஞ்ஞானிகளின் வரம்புக்குள் கால் வைப்பது தகுமோ என்பார் இருப்பர். 1916ஆம் ஆண்டில் மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதர் பட்டத்தையும் கொழும்புத் தொழில்நுட்பக் கல்லூரியின் விஞ்ஞான டிப்ளோமாவையும் பெற்றவர், பின்னர் இத் திருகோணமலையிலும் கல்விப்பணி புரிந்த சுவாமி விபுலாநந்தர். தமிழும் விஞ்ஞானமும் ஒன்றையொன்று பாராத இரு வகுப்பறைகள் என்று அப்பெரியார் கருதினாரல்லர். அத்துடன் எம் தந்தையார் கமக்காரர். யாம் ஏடு பிடிக்குமுன் வரம்பு வெட்டக் கற்றவர்கள். இவ்விரண்டுமே எமக்குள்ள தகுதி.

முதலில் எமக்குரிய சொல்லாராய்ச்சியையே செய்துகொள்வோம். உப்பேறிய நிலத்துக்குத் தமிழில் இரு சொற்கள் உண்டு. ஒன்று உவர், மற்றொன்று களர். கல்லாதவரைத் திருவள்ளுவர் களர்நிலத்துக்கு ஒப்பிட்டதை நம் மாணவர் அறிவர். பேச்சு வழக்கில் இவ்விரு சொற்களையும் ஒன்றாகவே ஆளுகின்றோம். மண்ணியல் அறிஞரோ இரண்டையும் பிரித்து வழங்குகின்றனர். உப்பு மிகுந்து, கோடையில் வெண்மையாகப் பூத்து நிற்கும் நிலம் உவர். உப்பு மழையில் கழிந்த பின்னும் சோடியம் களிமண்ணோடு ஒட்டிக்கொண்டு, மண் இறுகி, நீர் இறங்காமல், வேர் மூச்சுவிட இயலாமற் கிடக்கும் நிலம் களர். உவருக்கு மருந்து நன்னீரும் வடிகாலும். களருக்கு அவை மட்டும் போதா. சோடியத்தை அகற்றி அதன் இடத்தில் அமரக் கல்சியம் வேண்டும். நோய் இரண்டாயிருக்க மருந்து ஒன்றே என்று கொண்டதுதான் நம் பகுதியில் பெரும் பொருள் விரயத்துக்குக் காரணம் என்பது எம் கருத்து.

இனி எம் வீட்டுக் கதைக்கு வருவோம். 2004ஆம் ஆண்டு மார்கழி 26ஆம் நாள் ஆழிப்பேரலை வந்தபோது பெரும்போகப் பயிர் வயலில் நின்றது. கொட்டியாரக் குடாவின் தென்கரையை அடுத்திருந்த எம் தந்தையாரின் இரண்டு ஏக்கரிலும் கடல் ஏறிற்று. உயிரிழந்த வீடுகள் அயலிலே இருக்கப் பயிரிழந்ததைப்பற்றி அன்று எவரும் வாய் திறக்கவில்லை. மறு கோடையில் வயல் முழுவதும் அரிசிமா தூவியதுபோல வெளுத்தது. 2005ஆம் ஆண்டின் இறுதியில் பெரும்போகத்துக்கு மழை கிடைத்தது. 50 கிலோ மூடை 350 ரூபாவுக்கு மானியப் பசளையும் அப்போகத்திலேதான் கிடைக்கத் தொடங்கிற்று. அப்பா மனமகிழ்ந்து விதைத்தார். நாற்று ஓர் அடி உயர்ந்ததும் நுனி கருகி மஞ்சளித்தது. பசளை போதவில்லை என்று எண்ணி யூரியா வீசினார். இரண்டு நாள் பச்சை காட்டிப் பின் மீண்டும் மஞ்சளித்தது. மீண்டும் வீசினார். மூன்றாம் முறை மூடையைத் தோளில் வைத்துக்கொண்டு வரம்பில் நின்றவர், எம்மைப் பார்த்து, “தம்பி, இந்தப் பசளையை நான் நெல்லுக்குப் போட்டனா, கடலுக்குப் போட்டனா?” என்றார்.

அவ்வினாவுக்கு அன்று எம்மிடம் விடையில்லை. அப்போது யாம் ஆசிரிய கலாசாலையில் இலக்கணம் பயின்றுகொண்டிருந்தோம். அடுத்த ஆண்டு ஊரே இடம்பெயர்ந்தது; வயல் தரிசாயிற்று. அந்த வினா மட்டும் எம்மோடு கூடவே வந்தது. பின்னாளில், விவசாய விஞ்ஞானம் கற்பிக்கும் நண்பர் ஒருவரின் துணைகொண்டு யாம் விளங்கிக்கொண்டதை இங்கே எழுதுகின்றோம்.

களிமண்ணின் நுண்துகளும் மக்கிய எருவின் துகளும் எதிரேற்றம் உடையன. கல்சியம், மகனீசியம், பொற்றாசியம், அமோனியம் ஆகிய நேரேற்றப் பொருள்களை அவை தம் மேல் பற்றி வைத்திருக்கும். பயிரின் வேர் வேண்டும்போது வேண்டியதை எடுத்துக்கொள்ளும். இதனைக் கடைக்காரர் கொப்பியில் கிடக்கும் கணக்கு என்று கொள்ளலாம். மாதமுடிவில் தீரும், மறுமாதம் ஏறும். கடல்நீர் ஒரு லீற்றரில் உப்பு ஏறத்தாழ 35 கிராம். அதில் சோடியம் மட்டும் 10 கிராமுக்கு மேல். கல்சியமோ அரைக் கிராமுக்கும் குறைவு. இத்தகைய நீர் வயலில் ஏறினால் சோடியம் திரளாக வந்து, ஏனையவற்றைத் துகள்களின்மேல் இருந்து தள்ளிவிட்டுத் தான் அமர்ந்துகொள்ளும். தள்ளப்பட்ட பொற்றாசியமும் அமோனியமும் அடுத்த மழையோடு வாய்க்கால் வழியே குடாவுக்குச் செல்லும். அதன்பின் நாம் எவ்வளவு பசளை இட்டாலும், அதைப் பற்றிக்கொள்ள மண்ணில் இடம் இராது.

யூரியாவின் கதை இன்னும் துயரமானது. 50 கிலோ மூடையில் நைதரசன் 23 கிலோ. நல்ல நிலத்திலேயே, வெள்ளம் நிற்கும் வயலில் வீசிய நைதரசனில் 100க்கு 30 முதல் 40 பங்கையே நெற்பயிர் ஏற்கும் என்பது நெல் விளையும் நாடுகள் பலவற்றில் கண்ட அளவு. அஃதாவது, மூடையொன்றுக்கு 7 முதல் 9 கிலோ வரை. எஞ்சியது ஒரு பங்கு நைத்திரேற்றாக நீரோடு இறங்கும். ஒரு பங்கு சேற்றிலுள்ள நுண்ணுயிர்களால் வாயுவாகும். ஒரு பங்கு அமோனியாவாக நேரே காற்றில் பறக்கும். உவர் வயலில் இவ்விழப்பு மேலும் பெருகும். யூரியா சில நாள்களில் அமோனியமாகும். அதனை நைத்திரேற்றாக மாற்றும் நுண்ணுயிர்கள் உப்பில் சோம்பிக் கிடக்கும். அமோனியம் வயல்நீரில் தேங்கும். நீர் சற்றுக் காரமாயிருந்து, வெயிலும் காற்றும் சேர்ந்தால், அமோனியா பறந்துவிடும். மண்ணில் எஞ்சிய சிறு பங்கையேனும் வேர் எடுக்கலாம் என்றால், அங்கேயும் குளோரைட்டு நைத்திரேற்றோடும், சோடியம் பொற்றாசியத்தோடும் போட்டியிட்டு வழி மறிக்கும். எம் தந்தையார் கண்ட இரண்டு நாட்பச்சையின் பொருள் இதுவே.

உப்பின் நேரடிக் கேடும் சிறிதன்று. மண்சாற்றின் மின்கடத்துதிறன் மீற்றருக்கு 3 தெசிசீமன் என்ற அளவைத் தாண்டியபின், ஏறும் ஒவ்வோர் அலகுக்கும் நெல் விளைச்சல் 100க்கு ஏறத்தாழ 12 வீதம் குறையும் என்பது மண்ணியலார் கணக்கு. கடல்நீரில் அவ்வளவு ஏறத்தாழ 50. வயல் 6ஐ எட்டினால் விளைச்சலில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போயிற்று. உவர் தாங்கும் நெல்லினங்கள் உண்டு. அம்பலாந்தோட்டை ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்த ஏ.டி. 354 அவற்றுள் ஒன்று. அவ்வினங்களை யாம் குறைகூறவில்லை. ஆனால், உப்பைத் தாங்கும் நெல்லும் ஓடும் பசளையைப் பிடித்து நிறுத்தாது. அது மண்ணின் வேலை.

அவ்வேலையை மண் மீண்டும் செய்ய நாம் தரவேண்டுவன யாவை? முதலாவது நன்னீரும் வடிகாலும். ஆண்டுக்கு ஏறத்தாழ 1,600 மில்லிமீற்றர் மழை பெறும் மாவட்டம் நமது. அதில் பெரும்பகுதி ஐப்பசி முதல் தை வரையிலேயே பொழிந்துவிடும். ஆழிப்பேரலைக்குப் பின் பல வயல்கள் ஓரிரு மாரியிலேயே உப்புக் கழுவி மீண்டமைக்கு இம்மழையே காரணம். மீளாதவை பெரும்பாலும் வடிகால் அற்றவையும், வாய்க்காலின் கடைசியில் கிடப்பவையுமே. குளத்து நீர் மேல்வயலை நனைத்து, அடுத்த வயலுக்கு வடிந்து, உப்பைச் சேர்த்துக்கொண்டு கடைசி வயலுக்கு வருகின்றது. கந்தளாய்க் குளத்தைக் கட்டியவன் குளக்கோட்டன் என்று நம் மரபு கூறும். யார் கட்டினராயினும், அதன் நீர் கடலோர வயலுக்கு நீராக வருவதும் உவராக வருவதும் இடையிலுள்ள வட்டைகளின் ஒழுங்கைப் பொறுத்தது.

இரண்டாவது, மக்கிய எரு. மாட்டெரு, குழை, கூட்டெரு ஆகியவை மண்ணுக்குப் பற்றுமிடத்தைக் கொடுக்கும். நம் முன்னோர் வயலிலே பட்டி அடைத்ததும், யாழ்ப்பாணத்தார் குழையும் பனையோலையும் தாழ்த்ததும், சணல் விதைத்துப் பூக்குமுன் உழுது மடக்கியதும் இதன்பொருட்டே. ஆயின் இங்கேயும் கவனம் வேண்டும். பச்சை வைக்கோலை விதைப்புக்கு முன்னாள் மடக்கினால், அதனை மக்கச் செய்யும் நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள நைதரசனையே சில வாரம் விழுங்கிக்கொள்ளும், பயிர் மஞ்சளிக்கும், எரு கெட்டது என்று பழி வரும். தும்புச்சோறு நீரைப் பிடிப்பதில் வல்லது. ஆனால், தேங்காய் மட்டையை உவர்க்களப்பில் ஊறப்போட்டு எடுத்த தும்புச்சோற்றில் உப்பே நிறைந்திருக்கும். அதனை நன்னீரில் அலசாமல் வயலில் இடுவது உவருக்கு உவர் சேர்ப்பதாகும்.

மூன்றாவது, உமிக்கரி. இதனைப்பற்றிச் சற்று விரித்து எழுதுவதற்கு வாசகர் பொறுத்தருள்க. ஏனெனில், நம் கையில் இலவசமாகக் கிடந்து நாம் மதியாத பொருள் இதுவே. நெல்லின் நிறையில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு உமி. தம்பலகாமம், கிண்ணியா ஆலைகளின் பின்புறம் அது மலையாகக் குவிவதை நாம் அனைவரும் கண்டிருக்கின்றோம். ஒரு பகுதி எரிபொருளாகின்றது. ஒரு பகுதி தெருவோரம் புகைந்து கண்ணைக் கெடுக்கின்றது. நம் பாட்டிமார் பல்விளக்கிய உமிக்கரி, வயலுக்கு விளக்குமாற்றையும் பெட்டகத்தையும் ஒருங்கே கொடுத்ததற்கு ஒப்பானது என்று யாம் ஒருமுறை வகுப்பிலே கூற, பின்வாங்கில் இருந்த மாணவன் ஒருவன் பற்பசையையும் வயலிலே இடலாமோ எனக் கேட்டான். அவன் நிற்க. கரி நுண்துளைகள் நிறைந்தது. நீரையும் அமோனியத்தையும் பற்றும். எருவைப்போல ஓரிரு போகத்தில் கரைந்து போகாமல் ஆண்டுக்கணக்கில் மண்ணில் நிற்கும். சிறிதளவு பொற்றாசியத்தையும், நெற்றண்டுக்கு உறுதி தரும் சிலிக்காவையும் உடன் கொண்டுவரும்.

செய்யும் முறையும் எளிது. பழைய தகரப் பீப்பாய் ஒன்றின் பக்கங்களில் ஆணியால் துளையிட்டுக் கவிழ்த்து, மேலே ஒரு குழாயைப் புகைபோக்கியாக நிறுத்தி, உள்ளே தீ மூட்டி, சுற்றிலும் உமியைக் குவித்துவிட்டால், உமி சுவாலையின்றி உள்ளிருந்து வெளியாகக் கருகிக்கொண்டு வரும். மேற்பரப்பும் கறுக்கும் தறுவாயில் நீர் ஊற்றி அணைக்கவேண்டும். அணைக்கப் பிந்தினால் கரி சாம்பலாகும். சாம்பல் நிறம் கண்டால் வேலை கெட்டது என்க. புதுக் கரியில் சாம்பலின் காரம் ஒட்டியிருக்கும். அதனை யூரியாவோடு ஒருநாளில் வீசுவது அமோனியாவைப் பறக்கவிடுவதற்கு வழி. ஆதலின், கரியை மாட்டெருவோடு கலந்து ஒரு மாதமேனும் குவித்து வைத்து, முதல் உழவின்போது மண்ணில் மடக்கி, பசளையைப் பின்னர்ப் பகுதி பகுதியாக இடுதல் வேண்டும். கரியைப் புகழ்வார் பலர் இந்த எச்சரிக்கையைச் சொல்லாது விடுகின்றனர்.

நான்காவது, ஜிப்சம். இது களருக்கே உரிய மருந்து. இதிலுள்ள கல்சியம் சோடியத்தைத் தள்ளி அமர, தள்ளப்பட்ட சோடியம் சல்பேற்றோடு சேர்ந்து மழைநீரில் கரைந்து வடியும். வடிகாலில்லாத வயலில் ஜிப்சம் இடுவது, கதவைத் திறவாமல் வீட்டைக் கூட்டுவதற்குச் சமம். வெறும் உவர் நிலத்துக்கு அது பெரும்பாலும் வேண்டியதில்லை. களர்நிலத்துக்கோ ஏக்கருக்குக் கிலோக் கணக்கில் போதாது. தொன் கணக்கிலேயே வேண்டிவரலாம். எந்த வயலுக்கு வேண்டும், எவ்வளவு வேண்டும் என்பதை மண்ணைச் சோதித்தன்றிக் கூற இயலாது. சீமெந்து அரைக்கும்போது சேர்க்கும் பொருளும் இதுவே. சீமெந்து ஆலையைக் கரையில் வைத்திருக்கும் துறைமுக நகரத்தார்க்கு ஜிப்சம் புதிய பெயரன்று.

இவை புதுமையல்ல. 1953ஆம் ஆண்டு மாசி மாதத் தொடக்கத்தில் வடகடல் பொங்கி ஒல்லாந்தின் தென்மேற்கு வயல்களை மூடியபோது, அந்நாட்டார் முதலில் அணையை அடைத்து நீரை வடித்தனர். பின் மண்ணைச் சோதித்து, வேண்டிய வயல்களுக்கு ஜிப்சம் இட்டனர். இந்தியாவில் 1969ஆம் ஆண்டு கர்நாலில் உவர்நில ஆராய்ச்சிக்கென்றே மத்திய நிறுவனம் ஒன்று தொடங்கப்பட்டது. பஞ்சாப், அரியானா, உத்தரப் பிரதேசம் ஆகிய மாநிலங்களில் களர் கிடந்த பெருநிலப்பரப்பு ஜிப்சத்தாலும் நீர்ப்பாய்ச்சலாலும் நெல்வயலாயிற்று. அங்கே அரசுகள் ஜிப்சத்துக்கு மானியம் கொடுத்தன என்பதை நம்மவர் ஊன்றிக் கவனித்தல் வேண்டும். கேரளத்துப் பொக்காளி வயல்காரரோ வேறொரு வழி கண்டனர். மாரிக்கு முன் மண்ணை மேடுமேடாகக் குவித்து, மழை உப்பைக் கழுவ விட்டு, ஒருபோகம் நெல் விளைத்து, உவர்நீர் திரும்பும் காலத்தில் அதே வயலில் இறால் வளர்க்கின்றனர். நம் குடாவின் ஓரத்தில் மிகத் தாழ்ந்து கிடக்கும் சில வயல்களுக்கு இதுவே பொருந்தும் போலும் என்று எமக்கு ஓர் எண்ணம் உண்டு. அதனை இங்கு வளர்த்தவில்லை.

எம் கருத்தை மறுப்பார் உளர். “இயற்கைப் பசளை, இயற்கைப் பசளை என்று 2021ஆம் ஆண்டில் பட்டது போதாதோ?” என்பர். அக்காலத்தை யாமும் மறக்கவில்லை. அவ்வாண்டு வைகாசி மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டது. கார்த்திகையில் தடை நீக்கப்பட்டதாயினும், பெரும்போகம் கெட்டுப்போயிற்று. முன்னர் சில நூறு ரூபாவுக்குக் கிடைத்த மூடை 2022இல் பல்லாயிரம் ரூபாவுக்கு ஏறிற்று. அன்று நடந்தது, பாலை நிறுத்திவிட்டுச் செம்பைத் துலக்கச் சொன்னது. யாம் கூறுவது அஃதன்று. எருவும் கரியும் ஜிப்சமும் பசளைக்கு மாற்றல்ல. இட்ட பசளை தங்குவதற்கான கலம். ஓட்டைச் செம்பில் பால் வார்ப்பதே இப்போது நடக்கின்றது. பசளை வேண்டாம் என்பாரையும், பசளையே போதும் என்பாரையும் யாம் ஒருங்கே மறுக்கின்றோம்.

வேறு சிலர், இவற்றுக்கெல்லாம் கூலியும் வண்டிச் செலவும் யார் தருவர் என்பர். இது நியாயமான வினா. ஓர் ஏக்கருக்குப் பசளை இரண்டு மூடையைச் சைக்கிளில் கொண்டுபோகலாம்; எருவும் கரியும் உழவு இயந்திரப் பெட்டியில் பலமுறை ஏற்றவேண்டும். குத்தகைக்கு ஒருபோகம் செய்பவன், பத்தாண்டு நிற்கும் கரியை ஏன் இடுவான்? இவ்வினாக்களுக்குக் கமக்காரன் தனியே விடை காண முடியாது. ஆதலினாலேதான் பசளை மானியத்தில் ஒரு பங்கைக் கடலோர வட்டைகளிலாவது மண் திருத்தத்துக்கு மாற்றிக் கொடுக்கவேண்டும் என்கின்றோம். இரண்டாண்டுக்கு முன் எம் ஊர்க் கமக்காரர் சிலரோடு ஓர் அலுவலகத்துக்குச் சென்று இதனை விண்ணப்பித்தோம். அங்கிருந்தவர் மரியாதையுடனேயே கேட்டார். “நீங்கள் சொல்வது சரிதான் மாஸ்டர். ஆனால், படிவத்தில் அதற்கு நிரல் இல்லை” என்றார். படிவத்தைத் திருப்பிப் பார்த்தோம். யூரியாவுக்கு நிரல் இருந்தது. மண்ணுக்கு இல்லை.

அந்த நிரலை வரைய வல்லவர் யாவர்? இக்கல்லூரி வாங்கில் இருந்து எழுந்து சென்றவருள் பலர் அல்லரோ! திணைக்களங்களில் உயர்பதவி வகிப்போர் உளர், பொறியியலாளர் உளர், இலண்டனிலும் தொரன்ரோவிலும் இருந்து விழாவுக்கெனப் பணம் அனுப்பியோர் உளர். அவர்களுள் எத்தனை பேரின் கல்லூரிக் கட்டணம் அவ்வயல்களின் நெல்லை விற்றுக் கட்டப்பட்டது என்பதை அவரவர் வீட்டுப் பெரியோரைக் கேட்டால் தெரியும். எம் கட்டணம் அவ்வாறே கட்டப்பட்டது.

இங்கே விழாக்குழுவினர்க்குச் சுவையற்ற ஒன்றைக் கூறவேண்டியுள்ளது. விழா நினைவாகக் கல்லூரி முகப்பில் அலங்கார வளைவு ஒன்று எழுப்ப நிதி திரட்டப்படுவதாக அறிகின்றோம். வளைவு அழகியதே, யாம் அதன் பகைவரல்லர். ஆயினும், அந்நிதியில் ஒரு சிறு பங்கேனும் வேறொரு பணிக்கு ஒதுக்கப்படவேண்டும் என இம்மலரின் வாயிலாகக் கேட்கின்றோம். மின்கடத்துதிறன் அளக்கும் கருவி சட்டைப்பையில் அடங்குவது. அதுவும், காரத்தன்மை அளக்கும் கருவியும், சில கண்ணாடிக் குவளைகளும், காய்ச்சி வடித்த நீரும் நம் ஆய்வுகூடத்தில் இருந்தால், விவசாய விஞ்ஞானம் பயிலும் மாணவரே மூதூர், கிண்ணியா, தம்பலகாமம், குச்சவெளிப் பகுதி வயல்களின் உவரை அளந்து ஒரு படம் வரையலாம். களரா அன்றா என்பதை அறியச் சோடியத்தையும் அளக்கவேண்டும். அதற்குரிய மாதிரிகளை மட்டும் பெரிய ஆய்வுகூடங்களுக்கு அனுப்பலாம். எல்லா மாதிரியையும் அனுப்பிக் காத்திருப்பதிலும் இது செலவு குறைந்தது.

அடுத்து, வயலொன்றில் நான்கு பாத்தி. ஒன்றில் வழக்கம்போலப் பசளை மட்டும், ஒன்றில் அதே பசளையோடு எருவும் கரியும், ஒன்றில் அதே பசளையோடு ஜிப்சம், ஒன்றில் மூன்றும். நெல்லினமும் நீரும் விதைப்பு நாளும் ஒன்றேயாதல் வேண்டும். ஒவ்வொரு பாத்திக்கும் தனி வக்கடை வைத்து, வடியும் நீரை மாணவர் அளக்கவேண்டும். அறுவடையைத் தனித்தனியே நிறுக்கவேண்டும். ஒரு போகத்து முடிவைக்கொண்டு முரசறைதல் கூடாது. மூன்று பெரும்போகமாவது பார்த்தல் வேண்டும். ஏனெனில், மழை மிகுந்த ஆண்டில் நான்கு பாத்தியும் நன்றாயிருக்கும். கரிக்கு வராத புகழும் வரும். யாம் கூறியவற்றுள் எது நம் மண்ணுக்குப் பொய்க்கின்றதோ, அதனை அம்மாணவர் எழுதி வெளியிடட்டும். அடுத்த மலரில் எம் பெயரைச் சுட்டியே மறுக்கட்டும், மகிழ்வோம்.

வயலுக்கு இடம் தேடவேண்டியதில்லை. இடம்பெயர்ந்து மீண்டபின் எம் இரண்டு ஏக்கரும் எம் கையில் உள. அப்பா இப்போது வயலுக்கு இறங்குவதில்லை. வரம்புவரை வந்து அமர்ந்திருப்பார். அதில் அரை ஏக்கரை மூன்று பெரும்போகத்துக்கு மாணவரிடம் கொடுக்க அவர் இசைந்துள்ளார். நெல்லில் தம் பங்கைக் கேட்பார் என்பதையும் முன்கூட்டியே அறிவித்து வைக்கின்றோம்.

இப்பணியில் சேர விரும்பும் பழைய மாணவர், தம் வயலின் மண்ணை ஆவணி முடியுமுன், முதல் மழைக்கு முன்னர் எடுத்துவைப்பாராக. வயலின் நடுவிலும் மூலைகளிலுமாக எட்டுப் பத்து இடங்களில், மேலே பூத்த உப்பைச் சுரண்டி ஒதுக்காமல், ஒரு சாண் ஆழத்துக்கு மண்வெட்டியால் வெட்டி, எல்லாவற்றையும் சுத்தமான வாளியில் கலந்து, அதிலிருந்து ஒரு கிலோ அளவு எடுத்து நிழலில் உலர்த்தவேண்டும். பசளை வந்த பையில் மண்ணைப் போடலாகாது. பையில் ஒட்டிய யூரியா அளவைக் கெடுக்கும். வட்டையின் பெயர், வாய்க்காலில் இருந்து எத்தனையாவது வயல், கடைசியாக எப்போது எரு இட்டது என்னும் மூன்றையும் ஒரு துண்டில் எழுதி உள்ளே வைத்து, கல்லூரி ஆய்வுகூடத்தில் சேர்ப்பிக்கலாம். சனிக்கிழமை முற்பகல்களில் யாம் அங்கிருப்போம்.